பிளாட்டினம் கலவாத பூச்சு

யூஜினியா 1983ஆம் ஆண்டு செப்டம்பர் பதினான்காம் தேதி பிறந்தாள். கோவில் பதிவேட்டில் பதினெட்டு என்று இருப்பது திருமுழுக்குக் கொடுத்த நாள். பள்ளிச் சான்றிதழிலும் அதுவே ஏறிவிட்டதால், அரசாங்கத்தைப் பொறுத்தவரை அவளுக்கு என்றைக்கும் நான்கு நாள் வயது குறைவு. தந்தை சூசைமரியான் கண்டரமாணிக்கத்துக்கு அருகே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். பிள்ளைகள் மூவரில் இவள் இரண்டாமவள். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு வாங்கினாள். போன நான்கு மதிப்பெண்ணை எங்கே விட்டோம் என்று தெரிந்துகொள்ள விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்தாள். மதிப்பெண் கூடவில்லை, விட்ட இடம் தெரிந்தது. அது போதும் என்று வந்துவிட்டாள். அவளுடைய பிற்கால வாழ்க்கை முழுவதையும் அந்த ஒரு செய்கையிலிருந்தே ஊகித்திருக்கலாம்.

2006இல் காரைக்குடியில் முதுகலை முடித்தாள். 2008இல் அரசுப் போக்குவரத்துப் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த நெல்சனை மணந்தாள். இரண்டு ஆண்டு கழித்து மகள் ஆரோக்கிய ஷீலா பிறந்தாள். குழந்தைக்கு ஒரு வயது கடந்த பிறகு, 2012 ஜூனில், குன்றக்குடிச் சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்தும் கல்லூரியில் வேதியியல் ஆய்வகப் பயிற்றுநராகச் சேர்ந்தாள். தற்காலிகப் பணி. ஆண்டுதோறும் ஜூன் மாதம் புதிய உத்தரவு வரும். பதின்மூன்று உத்தரவுகளையும் ஒரே உறையில் போட்டு வைத்திருந்தாள்.

2015 ஜூலையில் அதே கல்லூரியின் பேராசிரியர் மெய்யநாதனிடம் பகுதி நேர ஆய்வு மாணவியாகப் பதிந்துகொண்டாள். அப்போது அவளுக்கு முப்பத்தொன்று. சிவகங்கைப் பக்கம் கன்னியர் நடத்தும் ஒரு பெண்கள் கல்லூரியில் நிரந்தர விரிவுரையாளர் பணியிடம் ஒன்று உண்டு. முனைவர் பட்டம் கையில் இருந்தால் அந்த இடம் அவளுக்கு என்று பின்னாளில் அங்கிருந்த தலைமைச் சகோதரி வாக்குக் கொடுத்தார். வாக்குக்கு எல்லையும் இருந்தது: 2024 ஆகஸ்டு. பல்கலைக்கழக விதியின் எல்லையும் அதை ஒட்டியே வந்தது. எட்டு ஆண்டு, அதற்குமேல் ஓராண்டு நீட்டிப்பு, அதற்குப் பின் பதிவு காலாவதி. அவளுக்கு அந்த நாள் 2024 ஜூலை முப்பத்தொன்று.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் எளிதாகச் சொல்லக்கூடியதுதான். தண்ணீரில் இரண்டு மின்முனைகளை வைத்து மின்சாரம் செலுத்தினால் ஒரு முனையில் ஹைட்ரஜனும் மறுமுனையில் ஆக்ஸிஜனும் குமிழியிடும். பள்ளிக்கூடத்துப் பாடம். பாடப்புத்தகம் சொல்லாமல் விடுவது, தண்ணீர் அவ்வளவு சுலபமாகப் பிரிய இசையாது என்பதை. கணக்குப்படி வேண்டிய வோல்ட்டுக்கு மேலே கொஞ்சம் கொடுத்து உந்த வேண்டும். அந்த மேல்செலவைக் குறைப்பதுதான் வினையூக்கியின் வேலை. பிளாட்டினம் முனையில் ஹைட்ரஜன் கூப்பிடுமுன் வந்து நிற்கும். ஆனால் பிளாட்டினம் நகைக்கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் உலோகம். அதைக் கொண்டு ஊருக்கெல்லாம் எரிவாயு செய்ய முடியாது. ஆகவே நிக்கல், கோபால்ட், இரும்பு, மாலிப்டினம் என்று மலிவான உலோகங்களில் அதற்கு ஈடு உண்டா என்று உலகம் முழுவதும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். காரைக்குடியில் தேடியவள் யூஜினியா. கார்பன் துணி ஒன்றில் நிக்கலும் மாலிப்டினமும் கலந்து கறுப்பாக ஒரு பூச்சு ஏற்றி, அதை நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி ஹைட்ரஜன் எடுத்தாள். ‘பிளாட்டினம் கலவாத வினையூக்கிப் பூச்சு’ என்பதே ஆய்வேட்டின் தலைப்பு.

முதலிரண்டு ஆண்டுகள் ஒன்றும் வாய்க்கவில்லை. பூச்சு உரிந்தது, கரைந்தது, அல்லது சும்மா இருந்தது. 2017 கடைசியில் ஒரு துணியை மாற்றச் சோம்பி, ஐந்து நாள் தொடர்ந்து ஓடவிட்டாள். திங்கட்கிழமை இருநூற்று நாற்பது மில்லிவோல்ட் மேல்செலவு கேட்ட பூச்சு, வெள்ளிக்கிழமை மாலை அறுபத்தெட்டு கேட்டது. அவள் மானியை நிறுத்தி, மறுபடி போட்டுப் பார்த்தாள். அறுபத்தெட்டுதான். பிளாட்டினத்துக்கே நாற்பது ஆகும்.

மறுவாரம் புதிய துணி. மறுபடியும் இருநூற்று நாற்பதில் தொடங்கி, நாளுக்கு நாள் இறங்கி, வெள்ளிக்கிழமை எழுபதில் வந்து நின்றது. புதுத் துணி முரண்டுபிடிப்பதும் ஐந்து நாளில் வழிக்கு வருவதும் ஒரு நியதியாகவே ஆயிற்று. அவளுக்கு இது புதிதாகத் தோன்றவில்லை. வீட்டில் புது தோசைக்கல் வாங்கினால் முதல் நாள் மாவு ஒட்டும், இரண்டாம் நாள் பிய்யும், எண்ணெயும் வெங்காயமும் தேய்த்து ஒரு வாரம் பழக்கிய பிறகு தோசை தானாகக் கிளம்பும். கல் பழகிவிட்டது என்பார்கள். பூச்சும் பழகுகிறது என்று அவள் முடிவு கட்டினாள். மாலிப்டினத்தின் மேற்பரப்பு அமிலத்தில் மெல்லத் திறந்துகொள்கிறது என்று அதற்குத் தக்க காரணமும் எழுதினாள். ஆய்வேட்டின் நான்காம் இயல் முழுவதும் இந்தப் பழகல்தான். முன்சமர்ப்பிப்புக் கருத்தரங்கில் தோசைக்கல் உவமையைச் சொன்னபோது, வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேராசிரியர்கள் கைதட்டினார்கள். 2021இல் அவளும் மெய்யநாதனும் சேர்ந்து எழுதிய கட்டுரை ஓர் ஆய்விதழில் வெளிவந்தது.

ஓடத் தொடங்குமுன் புதுப் பூச்சை மதுரைக்கு அனுப்பி அதில் என்னென்ன உலோகம் இருக்கிறது என்று சோதித்து வாங்கியிருந்தாள். நிக்கல், மாலிப்டினம், கொஞ்சம் கந்தகம். வேறொன்றும் இல்லை. பழகிய பூச்சைச் சோதிக்க அனுப்பியதில்லை. பழகிய தோசைக்கல்லை யாராவது கடைக்கு எடுத்துப்போய் இது இன்னும் இரும்புதானா என்று கேட்பார்களா?

ஹைட்ரஜன் வரும் முனைக்கு எதிர்முனை ஒன்று வேண்டும். அமிலத்தில் அரிக்காத பொருளாக இருக்க வேண்டும். தொடக்கத்தில் கிராஃபைட் கம்பி வைத்தார்கள். அது பொடியாக உதிர்ந்து திரவத்தைக் கறுப்பாக்கியது. “கரி கலங்குன தண்ணியில என்னத்தப் பாக்குறது? பிளாட்டினத்தப் போடு, சுத்தமா இருக்கும்” என்றார் மெய்யநாதன். கல்லூரியில் பிளாட்டினச் சுருள் ஒன்று இருந்தது. முன்பு ஒருமுறை ஒரு பொருள் காணாமற்போனதிலிருந்து அறக்கட்டளை ஒரு வழக்கம் வைத்திருந்தது. திங்கட்கிழமை ஸ்டோரில் எடை போட்டுக் கொடுப்பார்கள். வெள்ளிக்கிழமை கழுவி உலர்த்தி எடை போட்டு வாங்குவார்கள். ஸ்டோர் கீப்பர் சேவுகப்பெருமாள் அதை ஒரு வாரமும் தவறவிட்டதில்லை. தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சையும் பிடித்துக்கொண்டுதான் அவர் பார்ப்பார். கடைசி இலக்கம் ஒன்று குறைந்தால் காற்று என்று விட்டுவிடுவார்.

2024 ஜூன் பதினோராம் தேதி காலை, ஆய்வேடு தட்டச்சு முடிந்து அச்சுக்குப் போகக் காத்திருந்த சமயம். சேவுகப்பெருமாள் ஆய்வக வாசலில் வந்து நின்றார்.

“மேடம், ஒரு நிமிஷம் இங்குட்டு வாங்க. ஆனா சிரிக்கக் கூடாது.”

“என்னண்ணே?”

“ஒங்க பிளாட்டினம் எளைச்சிருக்கு.”

“சக்கர வந்துருச்சோ என்னமோ.”

“பாத்தீகளா, இதுக்குத்தான் சிரிக்காதீகன்னேன். நாளைக்கு டிரஸ்டுலருந்து இருப்புச் சரிபாக்க வர்றாக. வாங்குனப்ப இருந்த எடையோட இன்னைக்கு எடைய வச்சுப் பாக்கச் சொல்லிருக்காக. ஏழு புள்ளி நாலு மில்லிகிராம் கொறையுது. ‘சேவுகப்பெருமாளு, மகளுக்கு மூக்குத்தி அடிச்சியா’ம்பாக.”

“ஏழு மில்லிகிராம்ல எறும்புக்குத்தான்ணே மூக்குத்தி அடிக்கலாம்.”

“ஒங்களுக்கு வெளையாட்டு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு. கள்ளன்னு பேரெடுத்துக்கிட்டு ஊருக்குப் போகவா?”

அவர் முகத்தைப் பார்த்தபிறகு யூஜினியா சிரிக்கவில்லை. ஏட்டை வாங்கிக்கொண்டு ஸ்டோர் மேசையிலேயே உட்கார்ந்தாள். 2016 ஆகஸ்டில் சுருளின் எடை 2.4318 கிராம். இப்போது 2.4244. இடையில் எட்டு ஆண்டுக்கான திங்களும் வெள்ளியும். எங்காவது ஒரே நாளில் இறங்கியிருந்தால் யாரோ நறுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி எங்கும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை கடைசி இலக்கம் ஒன்று குறையும். சில வாரம் சும்மா இருக்கும். பிறகு இன்னொரு வெள்ளி. மழைநீர் கூரையில் கசிவதுபோல் கசிந்திருந்தது.

“இங்க பாருங்கண்ணே, ரெண்டாயிரத்து இருவது மார்ச்சுலருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு புள்ளி கூடக் கொறையல.”

“அப்ப ஊரடங்குல்ல. அலமாரிய விட்டு எடுக்கவே இல்ல.”

அவள் தன் ஆய்வுக் குறிப்பேட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தாள். குறைந்த வெள்ளிக்கிழமைகள் ஒவ்வொன்றும் குறிப்பேட்டில் இருந்தன. அறுபத்தெட்டு, எழுபது, அறுபத்தாறு. பூச்சு பழகிய வாரங்கள். பழகாத வாரங்களில் சுருளும் குறையவில்லை.

மூன்றாவது பக்கம் புரட்டும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் எட்டு ஆண்டையும் கடைசி வரை புரட்டினாள். எழுபத்து நான்கு வாரங்கள். எதிர்முனையில் இருந்த பிளாட்டினம் அமிலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கரைந்து, திரவத்தின் வழியே நடந்துபோய், அவளுடைய கறுப்புப் பூச்சின் மேல் படிந்திருந்தது. ஹைட்ரஜனைக் கொண்டுவந்தது அதுதான். மாலிப்டினம் அதற்குத் திண்டு போட்டு உட்கார வைத்திருந்ததற்குமேல் எதுவும் செய்திருக்கவில்லை.

“என்ன மேடம், ஆளு கெடைச்சுட்டானா?” என்றார் சேவுகப்பெருமாள்.

“கெடைச்சுட்டான்ணே. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. நான் எழுதித் தர்றேன்.”

“என்னன்னு எழுதுவீக?”

“தேஞ்சுபோச்சுன்னு.”

அன்றே எழுதிக் கொடுத்தாள். அறக்கட்டளைக்காரர்கள் அதைத் தேய்மானம் என்று பதிந்துகொண்டு போனார்கள். அந்த மாதத்தில் சரியாக முடிந்த காரியம் அது ஒன்றே.

அடுத்த திங்கட்கிழமை அவள் பிளாட்டினத்தை வாங்கவில்லை. கிராஃபைட் கம்பி வைத்தாள். பொடி கலங்காமல் இருக்க நடுவில் நுண்துளைக் கண்ணாடித் தடுப்பு ஒன்று போட்டாள். எட்டு ஆண்டுக்கு முன்பே போட்டிருக்கக் கூடிய தடுப்பு. திங்கள் இருநூற்று நாற்பது. செவ்வாய் இருநூற்று நாற்பது. ஒவ்வொரு நாளும் மானியின் முன் நிற்கும்போது, மெய்யாகவே பூச்சு கொஞ்சமாவது பழகக் கூடாதா என்று அவள் மனம் கெஞ்சியது. நூற்றைம்பது வந்தால்கூடப் போதும், இயலைத் திருத்தி எழுதிவிடலாம். வெள்ளிக்கிழமை இருநூற்று நாற்பத்தாறு. பழகுவதற்குப் பதில் களைத்திருந்தது. பழைய பூச்சு ஒன்றை மதுரைக்கு அனுப்பினாள். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது. நிக்கல், மாலிப்டினம், கந்தகம், நான்காவதாகப் பிளாட்டினம்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நெல்சன் ஸ்கூட்டரோடு கல்லூரி வாசலில் நின்றான். ஏறாமல் நின்றபடியே அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வண்டியை அணைத்துவிட்டுக் கேட்டான்.

“வெளிய சொல்லாட்டி என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. பட்டம் கெடைக்கும்.”

“சொன்னா?”

“ஒண்ணும் கெடைக்காது.”

“வேற எவனும் கண்டுபிடிப்பானா?”

“எவனாவது மெனக்கெட்டா கண்டுபிடிப்பான். யாரு மெனக்கெடப் போறாக?”

அவன் ஹாண்டில்பாரில் படிந்திருந்த தூசியைத் துடைத்தான். “ஒம்பது வருஷமா சனிக்கிழம சோறு நான்தான் வடிக்கிறேன். அதையாவது அந்தப் புஸ்தகத்துல போட்டுருக்கியா?”

“போட்டுருக்கேங்க. நன்றியுரைல ரெண்டாவது வரி.”

“அந்த ஒரு பக்கத்த மட்டும் பைண்டிங் பண்ணிக் குடுத்துரு. மத்தத என்னமும் பண்ணு.”

அவன் கோபித்துச் சொன்னானா, கேலியாகச் சொன்னானா என்று அவளுக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அவன் சோறு வடித்தான்.

திங்கட்கிழமை அவள் மெய்யநாதனின் அறைக்குப் போனாள். அந்த மாதக் கடைசியில் அவருக்குப் பணி ஓய்வு. அலமாரியிலிருந்த புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார். எடை ஏட்டின் நகலையும் மதுரை அறிக்கையையும் மேசையில் வைத்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் வரி விடாமல் படித்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“ரெண்டு பேரும் கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்கிருக்கோம்மா.”

“ஆமா சார்.”

“நான்தான பிளாட்டினத்தப் போடச் சொன்னேன்?”

“நானும் போட்டேன்ல சார்.”

அவர் அறிக்கையை மடித்து ஏட்டு நகலின் மேல் வைத்தார். பிறகு தாழ்ந்த குரலில் வழி சொன்னார். “குடுத்துரும்மா. இதே மாதிரி எத்தன பேரு பட்டம் வாங்கிட்டுப் போயிருக்காக தெரியுமா? கடைசில ஒரு அடிக்குறிப்பு போடுவோம். எதிர்முனையின் தாக்கம் மேலும் ஆராயத்தக்கதுன்னு. பொய்யும் இல்ல.”

“தலைப்புலயே பிளாட்டினம் கலவாதன்னு இருக்கே சார். அடிக்குறிப்ப தலைப்புக்கு அடிலயா போடுறது?”

“அப்ப தலைப்ப மாத்தணும். மாத்துனா குழு கூடணும், புதுச் சுருக்கம் குடுக்கணும், ஆறு மாசம் ஆகும். ஒனக்கு இருக்கறது முப்பது நாளு.”

“நீட்டிப்புக் கேட்டுப் பாக்கவா சார்?”

“கேளு. நான் கையெழுத்துப் போடுறேன்.”

அவர் போட்டார். பல்கலைக்கழக அலுவலகத்தில் அவளைக் கௌரவமாகவே நடத்தினார்கள். பிரிவு அலுவலர் ரேணுகா விண்ணப்பத்தை இரண்டு முறை படித்துவிட்டு, விதிப்புத்தகத்தைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

“ஒம்பது வருஷத்துக்கு மேல ஒரு நாள்கூடக் கெடையாதுங்க மேடம். பிள்ளப்பேறுக்கு உண்டு, ராணுவத்துக்கு உண்டு. ஒங்க காரணத்துக்கு இங்க கட்டமே இல்ல.”

“முடிவு தப்புன்னு தெரிஞ்சுபோச்சுன்னா யாரும் வந்து கேட்டதில்லையா?”

“நான் உக்காந்த பதினோரு வருஷத்துல நீங்கதான் மேடம் மொதல்.”

மிச்சமிருந்த நாட்களிலும் அவள் கைகட்டி இருக்கவில்லை. நிக்கலைக் கூட்டினாள், மாலிப்டினத்தைக் குறைத்தாள், கோபால்ட் சேர்த்தாள், சூட்டை மாற்றினாள். கிராஃபைட்டுக்கு எதிரே பதினொரு பூச்சுகளை வைத்துப் பார்த்தாள். எல்லாவற்றிலும் சிறந்தது இருநூற்றுப் பன்னிரண்டு. இரண்டாயிரத்துப் பத்திலேயே பிறர் எட்டிக் கடந்துவிட்ட எண். தட்டச்சு செய்த இருநூற்று முப்பது பக்கமும் மேசையில் இருந்தது. எந்த நிமிடத்திலும் அச்சுக்கடைக்கு எடுத்துப் போகலாம். நான்காம் இயலை ஒருமுறை முதலிலிருந்து படித்தாள். நன்றாக எழுதப்பட்டிருந்தது. தோசைக்கல் உவமை வரும் பக்கத்தைத் தானே எழுதினோம் என்பதை மறந்து ஒரு கணம் ரசித்தாள். பிறகு பக்கங்களை நூலால் கட்டி, வீட்டுப் பீரோவின் அடித்தட்டில் வைத்தாள்.

ஜூலை முப்பத்தொன்று புதன்கிழமை. அன்று அவள் மூன்றாமாண்டு மாணவிகளுக்கு அமில காரச் சோதனை நடத்தினாள். ஐந்து மணிக்குப் பல்கலைக்கழக அலுவலகம் மூடும் என்பது அவளுக்கும் தெரியும், பிரிட்ஜில் தண்ணீர் எடுக்க வந்த சேவுகப்பெருமாளுக்கும் தெரியும். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வாட்டர் பாட்டிலை மூடினார். “அஞ்சாயிருச்சு மேடம்” என்றார். “ஆமாண்ணே” என்றாள்.

சிவகங்கைப் பக்கத்துக் கல்லூரியில் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்தார்கள். தலைமைச் சகோதரி தொலைபேசியில் கூப்பிட்டு, உன்னுடைய நேர்மைக்கு ஆண்டவர் வேறு வழி திறப்பார் என்றார். பத்து மாதத்தில் எந்த வழியும் திறக்கவில்லை. 2025 ஜூனில் கல்லூரியில் பதினான்காவது உத்தரவு வரவில்லை. முனைவர் பட்டம் இல்லாதவர்களை ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று புதிய ஒழுங்கு. இப்போது அவள் குன்றக்குடிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறாள்.

ஆய்விதழுக்கு மூன்று கடிதம் எழுதினாள். கட்டுரையைத் திரும்பப் பெற இரண்டு ஆசிரியர்களும் கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்தது. மெய்யநாதன் ஓய்வுக்குப் பின் மகன் வீட்டுக்குப் பெங்களூர் போய்விட்டார். தொலைபேசியில் கேட்டபோது, “நாப்பது வருஷச் சர்வீஸ்மா. என் பேரு அதுல அப்படியே கெடக்கட்டும். வேண்டாம்” என்றார். அதற்குமேல் அவள் அவரைக் கேட்கவில்லை. கட்டுரை இணையத்தில் அப்படியே இருக்கிறது. அதை மேற்கோள் காட்டியவர்கள் எண்ணிக்கை பதினேழு ஆகியிருக்கிறது.

பதினெட்டாவது மேற்கோள் கிறிஸ்டியுடையது. தெற்கே ஒரு கல்லூரியில் ஆய்வு மாணவி, இருபத்தேழு வயது. சென்ற செப்டம்பரில் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். பூச்சு எத்தனை நாளில் பழகும், அமிலத்தின் செறிவு என்ன, சூட்டைக் கூட்டினால் சீக்கிரம் பழகுமா என்று கேட்டிருந்தாள். யூஜினியா அன்று மாலையே உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். எடை ஏட்டின் நகல், மதுரை அறிக்கை, கிராஃபைட் வைத்த பதினொரு முயற்சியின் எண்கள், கண்ணாடித் தடுப்பின் படம் எல்லாவற்றையும் இணைத்தாள். பிளாட்டினத்தை எதிர்முனையாக வைக்காதே, வைத்தால் நீ அளப்பது பிளாட்டினத்தைத்தான் என்று ஒன்றுக்கு இரண்டு முறை எழுதினாள். எழுதி முடித்தபோது, ஒன்பது ஆண்டில் ஒரு பிள்ளையின் மூன்று ஆண்டையாவது மிச்சப்படுத்தியிருக்கிறோம் என்ற எண்ணம் அவளுக்கு வந்ததாக நெல்சன் பின்னர் சொன்னான். அன்று இரண்டாம் முறை காபி கேட்டாளாம்.

ஆறு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது பதில் வந்தது. அவள் செல்போனில் படித்துவிட்டு அப்படியே வைத்திருந்தாள்.

“யாரு?” என்றான் நெல்சன்.

“அந்தப் பிள்ள கிறிஸ்டி.”

“என்னங்குது?”

அவள் வாசித்தாள். “மதிப்பிற்குரிய மேடம், நீங்கள் அனுப்பியதைக் கைடிடம் காட்டினேன். கிராஃபைட் வைத்தால் திரவம் கலங்கும் என்கிறார். எங்களிடம் தடுப்பும் இல்லை. பிளாட்டினம் வைத்தே ஓட்டினோம். உங்கள் கட்டுரையில் உள்ளதுபோலவே ஐந்தாம் நாள் பழகிவிட்டது. எழுபத்தொன்று வந்திருக்கிறது. எங்கள் கட்டுரையில் முதல் மேற்கோளாக உங்களுடையதைத்தான் காட்டியிருக்கிறோம். மிக்க நன்றி.”

நெல்சன் செல்போனை வாங்கிப் பார்த்தான். கடிதத்தில் சிரிக்கும் முகம் ஒன்று போட்டிருந்தது.

“பதில் எழுத வேண்டியதுதான?”

“எழுதியாச்சுங்க. நான் எழுதுனதுக்குத்தான் இந்தப் பதில்.”